ஆக்சில் நல்ல நிலையில் உள்ளது

போன மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஜினியர் போன் செய்தார். புதியவர், மெயின்லேண்டிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. குரலில் மரியாதை நிறைய இருந்தது. ரிட்டயர் ஆனவனிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் ஏதோ வேலை வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வெளித்தீவு நிலையங்களுக்கு எங்கள் பழைய ஃபைபர் படகுகளைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்களாம். படகு பழசு, அதை ஏற்றி இழுக்கும் டிரெய்லர் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். ஒற்றை ஆக்சிலா, இரட்டை ஆக்சிலா என்று முடிவு செய்யப் பழைய ஃபைலைப் புரட்டியதில் என் கையெழுத்தோடு ஒரு வரி கிடைத்திருக்கிறது: “இந்தப் படகுக்கு ஒற்றை ஆக்சில் போதும்.”

“ஏன் போதும்னு காரணம் எழுதலையே சார். ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும். எப்படி செலக்ட் பண்றது, எப்படி மெயின்டெயின் பண்றது, அவ்வளவுதான்” என்றார்.

சரி என்றேன். மறுக்கிற தெம்பும் இப்போது இல்லை. மரைன் ஹில்லில் மகள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹார்பரில் கப்பல் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே எழுதினேன். அலுவலகத்துக்கு வேண்டிய இரண்டு பக்கத்தை அனுப்பிவிட்டேன். இது அதில் சேராத மிச்சம். அந்த டிரெய்லரால் ராமையா என்கிற டிரைவரின் பெயர் கெட்டது. கெடுத்தவன் நான். அது எந்த ஃபைலிலும் இல்லை.

என் கதை சுருக்கம்தான். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கே, தீவில். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து, ஒரு லாரி ஷெட்டில் இரண்டு வருஷம் கிரீஸில் ஊறி, அப்புறம் துறையின் படகு ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்தேன். ஹெல்பர் மெக்கானிக் ஆக ஒன்பது வருஷம் பிடித்தது. அதற்குள் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

தீவில் இருக்கிற படகுக்குச் சக்கர வண்டி எதற்கு என்று மெயின்லேண்ட் ஆட்கள் சிரிப்பார்கள். மழைக்காலத்தில் மேற்குக் கரைப் பக்கம் கடல் ஆடும்போது ஹார்பரிலிருந்து தீவைச் சுற்றிக்கொண்டு படகில் போனால் பாதி நாள் ஆகும். போய்ச் சேர்வதும் நிச்சயமில்லை. படகை டிரெய்லரில் ஏற்றி ரோட்டில் இழுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மேற்குக் கரை வண்டூரில் இறக்கிவிடலாம். எங்களுடையது மீட்புப் படகு. யாராவது கடலில் மாட்டிக்கொண்டால்தான் எங்களுக்கு வேலை. அதனால் படகு எப்போதும் டிரெய்லர் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

பதினெட்டு அடி ஃபைபர் படகு, பின்னால் ஒரு அவுட்போர்டு இன்ஜின். என் கைக்கு வரும்போதே அதற்குப் பதினைந்து வயது தாண்டியிருந்தது. முதல் டிரெய்லர் துருப்பிடித்து ஓய்ந்ததும் புதிது வாங்க வேண்டிய பேச்சு வந்தது. இரட்டை ஆக்சில் வேண்டும் என்றார்கள் ஆபீஸில். நாலு சக்கரம் இருந்தால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. தப்பில்லாத கணக்கு. ஆனால் எங்கள் இறங்குதுறைகளை அவர்கள் பார்த்ததில்லை. குறுகலான சந்து, பாசி படிந்த சிமெண்ட் சரிவு, ஜீப்பைத் திருப்பவே இடமிருக்காது. ஒற்றை ஆக்சில் என்றால் கொக்கியைக் கழற்றிவிட்டு நாலு பேர் சேர்ந்து கையாலேயே திருப்பி நிறுத்தலாம். இரட்டை ஆக்சில் மாடு மாதிரி அசையாமல் நிற்கும். தவிர, உப்புத் தண்ணீரில் முங்கும் வண்டிக்கு எத்தனை சக்கரமோ அத்தனை பேரிங். இரண்டைப் பார்த்துக்கொள்ளவே ஆள் போதாத இடத்தில் நாலை யார் பார்ப்பது? நான் பிடிவாதமாக நின்றேன். மண்டல் பாபு என் பக்கம் நின்றார். ஒற்றை ஆக்சில் வந்தது.

மண்டல் பாபு எங்கள் ஃபோர்மேன். வங்காளி. ஒல்லியான மனிதர், கிரீஸ் பீப்பாய்க்கு நடுவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். எப்படி என்று எங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் ஹிந்தியில் ‘தும்’, நீ, என்பார். கோபம் வந்தால் குரல் இறங்கி அது ‘ஆப்’, நீங்கள், ஆகிவிடும். “ஆப் ஸரா இதர் ஆயியே”, கொஞ்சம் இப்படி வாருங்கள், என்று அவர் மரியாதையாகக் கூப்பிட்டால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஓடுவோம்.

டிரெய்லர் வாங்கும் முன் படகின் எடை என்ன என்று கேட்டார். புத்தகத்தில் இருந்த எடையைச் சொன்னேன். “அது படகு பிறந்த அன்று இருந்த எடை” என்று லாரி எடைமேடைக்கு அனுப்பினார். இன்ஜின், பெட்ரோல் டேங்க், பேட்டரி, நங்கூரம், கயிறு எல்லாம் ஏற்றி நிறுத்தினால் புத்தக எடையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காட்டியது. பழைய ஃபைபர் படகின் அடியில் அடைத்திருக்கும் ஃபோம் வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. இன்ஜின் மாட்டும் பின்பலகையும் அப்படித்தான் ஊறியிருக்கும். அதனால் பழைய படகு எப்போதும் பின்பக்கம் கனம். டிரெய்லரில் ஏற்றும்போது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்னால் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டில் வால் ஆட்டும். டிரெய்லர் வந்ததும் அதைப் பார்க்க மண்டல் பாபு ஹெல்த் சென்டரிலிருந்து ஆள் எடை பார்க்கும் மெஷினை இரவல் வாங்கிவந்து டிரெய்லரின் மூக்குக்கு அடியில் வைத்தார். எடை குறைவாகக் காட்டியதால் படகை ஒரு முழம் முன்னே தள்ளி, முன்பக்கத் தடுப்பை நகர்த்தி வெல்டிங் வைத்தோம். மெஷினைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் முள் சரியாக நிற்கவில்லை என்று நர்ஸம்மா எங்களைத் திட்டித் தீர்த்தார்.

படகு உட்காரும் இடத்தில் ரப்பர் உருளை வேண்டாம், கார்ப்பெட் சுற்றிய நீள மரக்கட்டை போதும் என்றார். உருளை ஒவ்வொரு புள்ளியில் குத்தும், வயசான படகின் அடி அதைத் தாங்காது. கட்டை என்றால் பாரம் பரவும். கட்டையின் முனை பின்பலகைக்கு நேர் அடியில் வந்து நிற்க வேண்டும், நாலு விரல் குறைந்தாலும் நாளாக நாளாகப் படகின் அடி வளைந்துவிடும். இதையெல்லாம் இன்ஜினியருக்கு எழுதி அனுப்பியாயிற்று.

பராமரிப்பு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, அலுப்புதான். இறங்குதுறைக்கு வந்ததும் அவசரப்பட்டுத் தண்ணீரில் இறக்கக் கூடாது. ஓடிவந்த சூட்டில் சக்கரத்தின் குடம் கொதித்துக்கொண்டிருக்கும். அப்படியே குளிர்ந்த கடலில் முக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, உப்புத் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும். மண்டல் பாபு இரண்டு குடத்தின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பத்து எண்ணும்வரை கை தாங்கினால் இறக்கலாம். நிறுத்தி வைத்திருக்கும்போது ஆக்சிலுக்கு அடியில் கட்டை கொடுத்து டயரின் பாரத்தை எடுத்துவிட வேண்டும். இங்கே டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் வெடித்துச் சாகும். பேரிங் போட்டு கிரீஸ் அடைத்த குடம் ஒன்று டிரெய்லரிலேயே தயாராகத் தொங்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே அவர் வைத்திருந்தது சுத்தியல் பரிசோதனை. மாதத்தில் முதல் திங்கட்கிழமை. கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வார். வெல்டிங்கை நிறுத்தச் சொல்வார். டீ வந்திருந்தாலும் யாரும் கிளாசை வைக்கும் சத்தம் வரக் கூடாது. வெள்ளைச் சட்டையோடு டிரெய்லருக்கு அடியில் குந்தி, ஒரு சின்னச் சுத்தியலால் ஆக்சிலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டு போவார். ஆக்சில் என்பது உள்ளே வெற்றாக இருக்கும் சதுரக் குழாய். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உள்ளே அரித்திருந்தால் அந்த இடத்தில் சத்தம் செத்துவிடும். “கான் ஸே தேகோ” என்பார், காதால் பார்க்கச் சொல்வார். பார்த்ததை ரிஜிஸ்டரில் தன் கையால் எழுதுவார். நல்லது, கெட்டது என்று எழுதமாட்டார். “வலது, ஸ்பிரிங் ஓரம், சத்தம் கொஞ்சம் கம்மி” என்று கேட்டதைக் கேட்டபடி எழுதுவார்.

ஆக்சிலின் அடிப்பக்கம் இரண்டு துளை போட வைத்ததும் அவர்தான். ஒரு துளையில் ஹோஸைச் சொருகி நல்ல தண்ணீர் விட்டால் உள்ளே தேங்கிய உப்பை அலசிக்கொண்டு மறு துளை வழியாக வெளியேறும். ஒவ்வொரு முறை கடலில் இறக்கி ஏற்றிய பிறகும் இது கட்டாயம்.

நல்ல தண்ணீர் எங்கே? அதுதான் இங்கே பிரச்சினை. ஒர்க்‌ஷாப் குழாயில் மழைக்காலம் தவிர மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வரும், குடிக்கவே காணாது. அதனால் வண்டூரிலிருந்து திரும்பும்போது வழியிலுள்ள சிப்பிகாட் ஊரில் வண்டியை ஓரங்கட்டி, வயல் வாய்க்காலில் சின்ன பம்பைப் போட்டு அங்கேயே அலசிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்த பழக்கம். சுனாமிக்குப் பிறகு அந்தப் பக்கம் தரை இறங்கி, கடல் வயலுக்குள் வந்துவிட்டது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் வாய்க்கால் கரைக்கும் மதகுக்கும் உள்பக்கம் இருந்தது. மதகு கடலைத் தடுக்கிறது, உள்ளே தண்ணீர் நல்லது என்பது நம்பிக்கை. மண்டல் பாபு கூட வந்தால் பம்பை ஆன் பண்ணும் முன் வாய்க்காலில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். பின்னால் நின்று நாங்கள் சிரிப்போம். ‘பாபு சாம்பார் ருசி பார்க்கிறார்’ என்று நான்தான் ஒருமுறை சொன்னேன். அவர் ரிட்டயர் ஆகி மாயாபந்தருக்குப் போன பிறகு அந்தத் தண்ணீரை யாரும் நாக்கில் வைக்கவில்லை. மதகுப் பலகை எந்த வருஷம் உளுத்தது என்று எனக்குத் தெரியாது.

அவருக்குப் பிறகு சுத்தியல் என் கைக்கு வந்தது. கூடவே அச்சடித்த புது ரிஜிஸ்டரும் வந்தது. அதில் எழுத இடமில்லை. ‘ஆக்சில் நல்ல நிலையில் உள்ளது’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். டிக் போட்டுக் கையெழுத்து வைத்தால் போதும்.

ஒரு ஜூன் மாதம், மழை பிடித்துவிட்ட முதல் திங்கட்கிழமை, தட்டிக்கொண்டே போனவன் இடது பக்கம் ஸ்பிரிங்குக்கு ஒரு சாண் உள்ளே நின்றேன். சத்தம் செத்திருந்தது. மறுபடி தட்டினேன். பெயிண்ட் கனமாக இருப்பதால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயிண்டைச் சுரண்டிவிட்டுத் தட்டியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. சுரண்டவில்லை. சுரண்டினால் தெரிந்துவிடும். தெரிந்தால் ‘இல்லை’ கட்டத்தில் டிக் போட வேண்டும். புது ஆக்சில் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர இரண்டு மாதம் ஆகும், அதுவரை மழைக்காலம் முழுக்க மீட்புப் படகு இல்லாமல் நிலையம் கை கட்டி நிற்கும். இது நான் அப்போது சொல்லிக்கொண்ட காரணம். இன்னொன்றும் இருந்தது. ஒற்றை ஆக்சில் போதும் என்று ஆபீஸோடு மல்லுக்கு நின்றவன் நான். ‘அன்றைக்கே சொன்னோமே’ என்று அவர்கள் சொல்வதைக் கேட்க எனக்கு மனமில்லை. நல்ல நிலையில் உள்ளது என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

பதினோராம் நாள் காலை தகவல் வந்தது. வண்டூருக்கு வெளியே கடலில் ஒரு சின்ன மீன்பிடி டிங்கியின் மோட்டார் நின்றுவிட்டது, இரண்டு பேர் இருக்கிறார்கள், காற்று அவர்களை வெளியே தள்ளுகிறது. ராமையா ஜீப்பில் கொக்கியை மாட்டினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், படகோட்டிகள் இருவர் பின்னால்.

ராமையா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டும் வீட்டில் வளர்ந்தவர். டிரைவர்களில் அவரைப் போல நிதானமானவரைப் பார்ப்பது கடினம். பின்னால் படகு இருந்தால் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர் மாதிரி ஓட்டுவார். அன்றும் அப்படித்தான் ஓட்டினார். “அவசரம்தாண்ணே, ஆனா சாமானோட போய்ச் சேரணும்ல” என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதைத் தாண்டவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சிப்பிகாட் தாண்டி ஒரு வளைவு. அதில் மழைத் தண்ணீர் நின்ற சின்னப் பள்ளம். இடது சக்கரம் அதில் இறங்கி ஏறியது. பின்னால் மரம் முறிவது போல ஒரு சத்தம். ஜீப் ஒருபக்கம் இழுத்தது. ராமையா எப்படியோ பிடித்து நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் ஆக்சில் இடது ஸ்பிரிங்குக்கு ஒரு சாண் உள்ளே இரண்டாகப் போயிருந்தது. சக்கரம் நாங்கள் அலசும் அதே வாய்க்காலில் கிடந்தது. படகு ரோட்டில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது.

ரேடியோவில் சொன்னோம். அனுப்ப வேறு படகு இல்லை. லாரியும் கிரேனும் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் மழையில் நின்றோம். முகம் கழுவ வாய்க்காலில் இறங்கிய ராமையா, வாய் கொப்பளித்துத் துப்பினார்.

“என்னண்ணே, இந்தத் தண்ணி உப்புக் கரிக்குது?” என்றார்.

அவர் சும்மா சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் அந்தத் துளை வழியாக ஆக்சிலுக்குள் நாங்களே உப்பை ஊற்றிக்கொண்டிருந்தோம்.

வண்டூர்க்காரர்கள் காத்திருக்கவில்லை. இரண்டு டிங்கிகள் அந்தக் கடலில் போய் ஒருவரைக் கொண்டுவந்தன. மற்றவர் அப்பாராவ், தெலுங்கு மீனவர். மோட்டார் நின்ற டிங்கி கவிழ்ந்தபோது கடலில் தவறிவிட்டார். கிடைக்கவில்லை. நாங்கள் நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் பிழைத்திருப்பார் என்றே வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் படுத்து எழுந்திருக்கிறேன்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. வேறு பிரிவிலிருந்து வந்த அதிகாரி, நல்ல மனிதர், எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ராமையாவிடம் என்ன வேகம் என்று கேட்டார். “நாப்பதுங்க சார்” என்றார் ராமையா. வளைவுக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர் வண்டி வேகமாக வந்தது என்று சொல்லியிருந்தார். அவசரத்துக்குப் போகிற வண்டி பார்க்கிறவர் கண்ணுக்கு வேகமாகத்தான் தெரியும். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“ஆக்சில் எப்படி இருந்தது?”

“ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கு சார்” என்றேன்.

ராமையா என்னை நன்றியோடு பார்த்தார். ரிஜிஸ்டர் தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்திருப்பார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதிகாரி புரட்டினார். விபத்துக்குப் பதினோரு நாள் முந்தைய டிக். அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்து. தலையாட்டி மூடிவிட்டார்.

உடைந்த ஆக்சிலை அவர் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார். அது தார் ரோட்டில் இழுபட்டு முனை மழுங்கி, நாலு நாள் மழையில் கிடந்து மொத்தமும் புதுத் துருவாக இருந்தது. எது பழைய துரு, எது புதுத் துரு என்று சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லவில்லை. வேகத்தால் உடைந்தது என்று எழுதினார்கள். ராமையாவை வண்டியிலிருந்து இறக்கி ஒர்க்‌ஷாப் கேட்டில் உட்கார வைத்தார்கள். ரிட்டயர் ஆகும்வரை எட்டு வருஷம் அங்கேதான் இருந்தார். வேகமாக ஓட்டி ஆளைச் சாக விட்டவன் என்று ஃபெர்ரிப் படகில்கூடப் பேசினார்கள்.

அந்த எட்டு வருஷமும் காலையில் நான் வரும்போது அவர் எழுந்து கேட்டைத் திறப்பார். “வாங்கண்ணே” என்பார். நான் உள்ளே போவேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷன் வேலைக்குப் போக முடியாது. புது ஆக்சில் வந்தது. பெயிண்டைச் சுரண்டிவிட்டுத் தட்டினேன். அச்சடித்த கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். குழாய்த் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துவைத்து அலசினேன். மிகவும் பொறுப்பான ஆள் என்று பிரிவு உபசார விழாவில் பேசினார்கள். கேட்க எரிச்சலாக இருந்தது.

இன்ஜினியருக்கு எழுதி அனுப்பிய மறுநாள் சாத்தம் ஜெட்டிக்குப் போய் ஃபெர்ரி ஏறி எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டில் இறங்கினேன். ராமையா வீட்டு வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. “வாங்கண்ணே” என்றார், அதே குரலில். அவர் மனைவி இஞ்சி தட்டிப் போட்டுப் பாலில்லாத பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தார்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை. “ராமையா, அந்த ஆக்சில் உங்க வேகத்துல உடையல. அதுக்கு முந்தியே உள்ள அரிச்சுப் போயிருந்துச்சு. நான் தட்டிப் பாத்தேன். சத்தம் செத்திருந்துச்சு. தெரிஞ்சேதான் நல்லாருக்குன்னு டிக் போட்டேன்” என்றேன்.

அவர் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“எந்தப் பக்கம்ண்ணே?”

“இடது. ஸ்பிரிங்குக்கு ஒரு சாண் உள்ள.”

“நான் அந்தப் பள்ளத்துல வுட்டதாலன்னு நெனைச்சிக்கிட்டு இருந்தேன்” என்றார். துணியைக் கீழே வைத்தார். “நாப்பதுன்னுதான் சொன்னேன். ஆளாளுக்கு வேகம் வேகம்னாங்க. கேட்டுல உக்காந்து யோசிச்சு யோசிச்சு, ஒருவேளை அம்பது, அம்பத்தஞ்சுல வந்திருப்பேனோன்னு எனக்கே தோணிப் போச்சு. அப்புறம் அதையே நம்பிட்டேன்.”

“இல்ல. நாப்பதுதான். நான் முள்ளைப் பாத்தேன்.”

அவர் மனைவி எழுந்தார். “வருஷா வருஷம் மழைக்கு முந்தி வண்டூருக்குப் போறாருங்க, அந்தச் செத்தவரு வீட்டுக்கு. அந்தம்மாவுக்குக் கூரைத் தகரம் மாத்திக் குடுத்து, தண்ணி போற தகடெல்லாம் சரி பண்ணிக் குடுத்துட்டு வருவாரு. அங்க போய் வந்தா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது இவருக்கு. நீங்க தெனமும் இவரு தெறந்து வுட்ட கேட்டுலதானேங்க உள்ள போனீங்க?”

என் கையிலிருந்த கிளாசை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாதிதான் குடித்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ராமையா சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அவருக்குக் கடமையும் இல்லை.

“எங்கிட்ட சொன்னீங்க, சரி. அங்க வந்தும் சொல்லுங்கண்ணே” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் வண்டூர் பஸ்ஸில் போனோம். என் மனதில் சொல்ல வேண்டியதைத் தமிழில் அடுக்கிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு நிலைமை அப்படி, புது ஆக்சில் வர இரண்டு மாதம் ஆகும், வாய்க்கால் உப்பானது யாருக்கும் தெரியாது, பெயிண்ட் கனமாக இருந்தது என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது.

அப்பாராவின் மனைவி வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். ராமையாவைப் பார்த்ததும் “ஆவோ பையா” என்று அண்ணனைக் கூப்பிடுவது போல் முகம் மலர்ந்தாள். மடித்து வைத்திருந்த ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அது அவருக்கென்றே இருப்பது தெரிந்தது. பிறகு என்னைக் காட்டி, “யே கௌன் ஹை?” என்று யாரெனக் கேட்டாள்.

ராமையா என்னைப் பார்த்தார். “நீங்களே சொல்லுங்கண்ணே.”

அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. ஹிந்தியில்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒர்க்‌ஷாப் ஹிந்தி. அதில் மழுப்பத் தெரியாது. பஸ்ஸில் அடுக்கிக்கொண்டு வந்த எதற்கும் அதில் வார்த்தை கிடைக்கவில்லை. படகு வராமல் போன அன்று வண்டியின் ஆக்சில் கெட்டிருந்தது, எனக்குத் தெரியும், நல்லது என்று எழுதினேன், இவர் மேல் தப்பில்லை என்றேன். அவ்வளவுதான் வந்தது.

கையில் இருந்த மீனை அவள் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ராமையாவைப் பார்த்து, அப்படியென்றால் இத்தனை வருஷம் நீ எதற்கு வந்தாய் என்று கேட்டாள்.

ராமையா தலையைக் குனிந்துகொண்டார். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.